ஒயில் இல்லாமல் ஓடவிட்ட எஞ்சின்

ஒயில் இல்லை என்று தெரிந்தேதான் என் தங்கச்சியின் கார் எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். மறதியால் நடந்ததல்ல. அது கெட்டுப்போக வேண்டும் என்றே செய்தேன்.

நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே எண்ணெய் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று கரும்பலகையில் படம் கீறி விளக்கியவன். அந்தப் படிப்பை நான் பயன்படுத்திய இடம் இது.

பெற்றோல் வரிசையில் ஊரே காய்ந்துகொண்டிருந்த காலத்தில் அந்தப் பழைய கார் ஷெட்டுக்குள் போனது. சும்மா நிற்கிறதே என்று மச்சான் பழைய ஒயிலை இறக்கினார். புதியதை ஊற்றுமுன் நோயில் விழுந்தார். பிறகு எழும்பவில்லை. அவர் மௌத்தான பின் தங்கச்சி இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் வெளியே இறங்காமல் வீட்டோடு இருக்கும் அந்த மாதங்கள் முடியுமுன் காரைத் தயார்படுத்தித் தரச்சொல்லிக் கார்த் திறப்பை என்னிடம் தந்தாள்.

"ஒயில் இல்ல காக்கா. அவர் இறக்கினவர், மறுகா ஊத்தல்ல. ஊத்தாம ஸ்டார்ட் பண்ணிராதீங்க."

"எனக்கே படிப்பிக்கிறியா?" என்று அண்ணன் தோரணையில் சிரித்தேன்.

அவள் அட்டாளைச்சேனையில் ஆசிரியை. மச்சானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் காரைப் பாடசாலைக்கு ஓட்டிப் போய்வந்தவள். இனித் தனியே ஓட்டப்போகிறாள். அதுதான் பள்ளிவாசலடியில் நின்ற சிலருக்குப் பொறுக்கவில்லை. என் கூட்டாளி, கடைக்காரர் ஒருவர், அஸர் தொழுதுவிட்டு வரும்போது கேட்டார்:

"என்ன சேர், தங்கச்சி இத்தா முடியத் தனியத்தான் கார்ல சுத்துவாவோ? மச்சான் இருந்தா வேற கத."

"வாயப் பொத்துங்க" என்று சொல்ல எனக்கு நா இருந்தது. சொல்லவில்லை. வெட்கப்பட்டேன். இன்று அந்த வெட்கத்தை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது. ஓட்டாதே என்று அவளிடம் நேரே சொல்லவும் துணிவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. அந்தக் காரும் அவள் பெயரில்தான் இருந்தது. அங்கே எனக்கு ஒரு அதிகாரமும் இல்லை. அதனால் கோழை செய்யும் வேலையைச் செய்தேன்.

என் காரின் பற்றரியைக் கொண்டுபோய் அதில் பூட்டினேன். புதுப் பெற்றோல் ஊற்றினேன். ஒயில் ஊற்றவில்லை. எஞ்சின் பிடித்ததும் டாஷ்போர்டில் ஒயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே அக்ஸலரேற்றரை அழுத்தினேன். கடகடவென்று அடித்தது, பிறகு கிறீச்சிட்டது, பிறகு இறுகி நின்றது.

தங்கச்சி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "ஒயில் ஊத்தினீங்களா காக்கா?"

"ஓம். காலம் முடிஞ்ச எஞ்சின், தங்கச்சி."

அவள் நம்பினாள். அதன்பின் பஸ்ஸில் தொங்கினாள், ஓட்டோவுக்குக் காத்துநின்றாள், மழையில் நனைந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் அதே கடைக்காரர் தொதல் இனிப்போடு என் வீட்டுக்கு வந்தார். "மருமகள் லைசன் எடுத்திட்டா, சேர். கார் சும்மா பறக்குது!" அந்தத் தொதலை அவர் முகத்தில் எறியத் தோன்றியது. ஆனால் ஒயிலை ஊற்றாமல் விட்டது அவருடைய கையல்ல.

அன்றே போய்த் தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"ஒயில் இல்லண்டு சொல்லித்தானே நான் திறப்பத் தந்த?" என்று மட்டும் கேட்டாள்.

அக்கரைப்பற்றில் ஒரு கராஜின் மூலையில் அதே வகை எஞ்சின் ஒன்று நெடுநாளாகக் கிடந்தது. அதை வாங்கி அவளுடைய காரில் பூட்டுவித்தேன். மிச்ச வேலையை நானே செய்தேன். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஒயில் விட்டு ஊறவைத்தேன். மறுநாள் ஸ்பானர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றினேன், இறுக்கமில்லாமல் சுற்றியது. பெற்றோல் தாங்கியைக் கழுவிப் புதுப் பெற்றோலும், ரேடியேற்றருக்குத் தண்ணீரும், எஞ்சினுக்குப் புது ஒயிலும் விட்டேன். பிளக்குகளைப் பூட்டுமுன், தீப்பொறி வராமல் கொயில் வயரைக் கழற்றிவைத்து, ஒயில் மேலே ஏறும்வரை சுற்றவிட்டேன். சிவப்பு விளக்கு அணைந்தது. அன்றும் இவ்வளவும் எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டியதும் தங்கச்சி ஸ்டார்ட் செய்தாள். விளக்கு அணைந்தே இருந்தது.

"கொஞ்சத் தூரம் நானும் வாறன்" என்றேன்.

"வேணாம். எனக்கு ஆம்புளத் தொணை தேவல்ல. கேட்ட மட்டும் தொறங்க."

கேட்டைத் திறந்தேன். போய்விட்டாள்.

இப்போது ஒவ்வொரு காலையும் என் வாசலைக் கடந்துதான் பாடசாலைக்குப் போகிறாள். நிறுத்துவதில்லை. பெருநாளுக்கு வந்தால் கதைப்பாள், சாப்பிடுவாள். திறப்பு மட்டும் கைப்பையை விட்டு வெளியே வராது. போன கிழமை அவள் வீட்டுக்குப் போனபோது காரைக் கழுவித் தரவா என்று கேட்டேன்.

"கழுவுங்க காக்கா. வெளியாலதானே ஊத்தை. அதுக்குத் திறப்பு என்னத்துக்கு?"

வாளியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன்.