சகலையின் ரோடு

போன வாரம் மன்னார்த் தீவில் ஒரு கழுதை என்னைப் பார்த்துச் சிரித்தது.

கழுதை சிரிக்காது என்பீர்கள். நீங்கள் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன் – தரையில் கிடந்தபடி. என் மேல் ஒரு சைக்கிள் கிடந்தது.

நடந்ததை முறைப்படி சொல்கிறேன். மாத்தளை அரசாங்கக் கச்சேரியில் மோட்டார் வாகனப் பத்திரங்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். முறைப்படி சொல்லாத எதையும் நானே நம்பமாட்டேன்.

எங்கள் வீடு பலாபத்வலையில், ஏ-ஒன்பது வீதியைப் பார்த்தபடி இருக்கிறது. எதிர்ப்பக்கம் பாண் கடை. இந்தப் பக்கம் நான். நடுவில் யாழ்ப்பாணம் போகிற பஸ், கண்டி போகிற பஸ், இரண்டையும் முந்துகிற லொறி, மூன்றையும் முந்தப் பார்க்கிற ஓட்டோ. சில நாட்களில் 'பாண் வேண்டாம், பழைய சோறே போதும்' என்று திரும்பி வந்துவிடுவேன். அந்த வாகனங்களில் பாதிக்குப் பத்திரம் கொடுத்தவனே நான்தான்... யாரிடம் போய் முறையிடுவது?

இப்படி வாழ்கிறவனுக்கு என் சகலை ராஜு தினமும் காலையில் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புவான். படத்தில் ஒன்றும் இருக்காது. அதுதான் விசயமே. ஒரு தார் ரோடு, இரண்டு பக்கமும் பனை, தூரத்தில் கடல். ஒரு வாகனம்? ஒரு மனிதன்? ஊஹூம். கீழே ஒரு வரி: "அண்ணே, இன்னைக்கும் ரோடு முழுக்க நமக்குத்தான்."

ராஜு என் மனைவி சரோஜாவின் தங்கை மல்லிகாவைக் கட்டியவன். நாங்கள் நால்வருமே எல்கடுவ மலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். பரீட்சையில் நான் முன்னால். உத்தியோகத்தில் நான் முன்னால். பென்சனும் எனக்குத்தான். அவனுக்கு மன்னாரில் ஒரு பலசரக்குக் கடை, அவ்வளவுதான். சகலைகளுக்குள் இந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை என்று யாராவது சொன்னால், அவருக்குச் சகலை இல்லை என்று அர்த்தம். நான் பார்ப்பேன். எல்லா வரியிலும் நான்தான் மேலே இருந்தேன் – ரோடு வரும்வரை.

போன வாரம் அந்த ரோட்டை நேரில் பார்க்கப் போனோம். ஏதாவது குறை கண்டுபிடிக்கலாம் என்றுதான் போனேன். குழி இல்லை. வளைவு இல்லை. ஏற்றம் இல்லவே இல்லை. சப்பாத்தி மாவைத் தேய்த்துவிட்டது போலக் கிடந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

போன அன்றே ராஜு வாசலில் சைக்கிள்களைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"அண்ணே, விடியக்காலையில உப்பளத்துப் பக்கம் போனா பூநாரை பாக்கலாம். கூட்டங்கூட்டமா நிக்குது. சைக்கிள்ல போயிட்டு வந்துரலாம்."

"ஓட்டோ பிடிப்போமே," என்றேன்.

"சத்தம் கேட்டா ஒண்ணும் நிக்காதுண்ணே. கெளம்பிரும்."

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு தகவல். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. எல்கடுவயில் யாருக்குத் தெரியும்? மேட்டில் இருக்கிற லயத்து வீட்டிலிருந்து இறங்கும்போது சைக்கிள் நம்மைக் கொண்டுபோகும். திரும்பி வரும்போது நாம்தான் அதைக் கொண்டுவர வேண்டும். எங்கள் தோட்டத்தில் சைக்கிள் வாங்குவது, ஆட்டை வாங்கித் தோளில் சுமப்பதற்குச் சமம். பிறகு கார் ஓட்டப் பழகினேன். நான்கு சக்கரம், தானாக நிற்கும்.

"எனக்குப் பிரஷர்," என்றேன்.

"மாமாவுக்குப் பிரஷர் இல்ல, பயம்," என்றாள் மல்லிகா.

சரோஜாவுக்கும் தெரியாது. ஆகவே அவள் என் கட்சி என்று நம்பித் திரும்பிப் பார்த்தேன். அவள் சேலையை இடுப்பில் இழுத்துச் சொருகிக்கொண்டிருந்தாள்.

பேரப்பிள்ளை கண்ட வயதில், முதல் நாள் இரண்டு தடவை விழுந்தாள். எழுந்து சிரித்தாள். அடுத்த நாள் மல்லிகா கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அதற்கடுத்த நாள் மல்லிகா பிடியை விட்டதையே இவள் கவனிக்கவில்லை. பனைமரம் வரைக்கும் தனியாகப் போய்விட்டாள்.

நான் மதகுச் சுவரில் உட்கார்ந்து, தெரிந்ததைச் செய்தேன். "இடப்பக்கம்! இடப்பக்கம்!" என்று கத்தினேன்.

"எல்லாப் பக்கமும் சும்மாதானங்க கெடக்கு!" என்று கத்திக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள். போகும்போது மணி வேறு அடித்தாள். ரோட்டில் ஒரு பிராணி இல்லை. மணி யாருக்கு? எனக்குத்தான்.

சகலை மீது பொறாமைப்படுவது எனக்குப் பழக்கம். மனைவி மீது பொறாமைப்படுவது புதிது. ஒரே தோட்டம், ஒரே மேடு, ஒரே பள்ளம். அவளுக்கு வருவது எனக்கு ஏன் வராது?

அன்று மத்தியானம் எல்லாரும் தூங்கும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். சீட் உயரம், பிரேக், டயர் காற்று எல்லாம் பரிசோதித்தேன். வாகனத்தில் ஒரு குறையுமில்லை. ஏறினேன்... மிச்சம் கழுதைக்குத் தெரியும்.

"முழங்கால்ல என்னங்க?" என்றாள் சரோஜா சாயங்காலம்.

"கழுதை தள்ளிருச்சு."

"அது நல்ல கழுதையாச்சே," என்றான் ராஜு.

மறுநாள் விடியற்காலை பூநாரைப் பயணம். அதற்கடுத்த நாள் எங்களுக்கு ஊருக்கு பஸ். அந்த விடியற்காலை போகாவிட்டால், அந்த ரோட்டின் மறுமுனையை மூன்று பேர் பார்த்திருப்பார்கள். நான் மட்டும் பார்த்திருக்கமாட்டேன். வாழ்நாள் முழுக்க அதைப் பற்றியே பேசுவார்கள். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

ராஜு பெருந்தன்மையாகத் தன் கரியரைத் தட்டினான். "ஏறுங்கண்ணே, நான் மிதிக்கிறேன்."

சகலையின் கரியரிலா? அதற்குக் கழுதையே மேல்.

"என்னோட வாங்க," என்றாள் சரோஜா.

"சைக்கிள்ல ரெண்டு பேர் போறது சட்டப்படி குத்தம்."

"யாரு பிடிக்கப் போறா? நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே."

ஏறினேன். சீட்டுக்குக் கீழே இருந்த ஸ்பிரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் தள்ளாடினாள், பிறகு நேராகிவிட்டது. எனக்கு முன்னால் தெரிந்தது அவளுடைய முதுகு மட்டும். பக்கத்தில் பனைகள் பின்னோக்கிப் போயின. ஹோர்ன் இல்லை. புகை இல்லை. சங்கிலியின் சத்தமும், அவளுடைய மூச்சும்தான். ராஜு அனுப்பிய படங்களில் இந்தச் சத்தம் இல்லை. நல்ல வேளை... இருந்திருந்தால் இன்னும் முன்பே வெந்து செத்திருப்பேன்.

பூநாரைகளைப் பார்த்தேன். வெளிர் ரோஜா நிறத்தில், தண்ணீருக்குள், ஒற்றைக் காலில் நின்று தூங்குகின்றன. ஒன்றாவது விழவேண்டுமே! அவற்றின் மீதும் பொறாமைதான்.

திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. வாகனமே வராத அந்த ரோட்டில் ஒரு வேன் வந்தது. எங்களைத் தாண்டிப் போய் நின்றது. ரிவர்ஸில் வந்தது. மடுக் கோயில் மாதாவைக் கும்பிட்டுவிட்டுக் கடல் பார்க்க வந்த, எங்கள் மாத்தளைப் பக்கத்து வஹகோட்டை ஆட்கள். ஓட்டிக்கொண்டிருந்தவரை உடனே தெரிந்துகொண்டேன். கையொப்பம் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது என்று, அந்த வேனின் பத்திரங்களைக் கவுண்டரிலிருந்து நான் திருப்பித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"சேர்! நம்ம கச்சேரி சேர்தானே?"

இல்லை என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

"ஹெல்மட் எங்க சேர்?" என்றார். வேன் முழுக்கச் சிரித்தது. பிறகு மனம் இரங்கினார். "மிஸ்ஸிஸ் பாவம் சேர், மூச்சு வாங்குறாங்க. நீங்க வேன்ல ஏறுங்க. வீட்டுலயே கொண்டு போய் விட்டுர்றேன்."

சரோஜா ஒரு காலை ஊன்றி நின்றாள். முகமெல்லாம் வியர்வை. "ஏறுறீங்களா?" என்றாள். குரலில் கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஜன்னலில் ஒருவர் படம் எடுக்கப் போனைத் தூக்கிவிட்டார். ஏறினால் மானம் தப்பும். மூளை அப்படித்தான் சொன்னது. ஆனால் நான் ஏறிவிட்டால்? முன்னால் ராஜு, மல்லிகா, பின்னால் சரோஜா... ரோடு முழுக்க அவர்களுக்கு. நான் ஒரு வேன் கண்ணாடிக்குள்ளிருந்து அதைப் பார்த்துக்கொண்டு போகவேண்டும்.

"பரவாயில்ல, நீங்க போங்க," என்றேன். ஸ்பிரிங்கை மறுபடி பிடித்தேன். "மிதி சரோ."

மிதித்தாள். மணியும் அடித்தாள்.

அந்தப் படம் இந்நேரம் வஹகோட்டை தாண்டி மாத்தளை டவுனுக்கு வந்திருக்கும். குற்றப்பத்திரிகை கைக்குக் கிடைக்குமுன் விளக்கக் கடிதத்தைக் கொடுத்துவிடுவதுதான் அரச சேவையின் நல்ல முறை. ஆகவே இந்த வாரப் பத்தியை அந்தக் கடிதமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம், கரியரில் இருந்தவன் நான்தான். ஓட்டியது என் மனைவிதான். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன்; இரண்டாவதுதான் இன்னும் தாங்க முடியவில்லை.