அடிக்காத கணவர்

சென்ற ஆண்டு கார்த்திகை மாதம் அது. திண்டிவனத்தில் வாழ்ந்து மறைந்த ஒரு பெண் எழுத்தாளருக்கு நினைவேந்தல் கூட்டம் நடத்த, விழுப்புரத்தில் உள்ள எங்கள் வாசகர் வட்டம் முடிவு செய்தது. முடிவு செய்தது என்று எளிதாக எழுதிவிட்டேன். அதற்குள் இரண்டு பேர் வட்டத்திலிருந்தே விலகிக்கொண்டார்கள்.

அந்த அம்மையார் அப்படிப்பட்டவர். திருமணம் என்ற ஏற்பாடே வேண்டாம் என்பார். வீட்டுக்கு வீடு எரியும் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருவுக்கு ஒரு பொதுச் சமையல் வைக்க வேண்டும், பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் தகப்பனின் முதலெழுத்தைப் போடக் கூடாது என்றெல்லாம் கடைசி வரை எழுதினார். அவரைக் கொண்டாடுகிறவர்களும் உண்டு, பெயரைக் கேட்டாலே எழுந்து போகிறவர்களும் உண்டு. அவருடைய வாழ்க்கையையும் கருத்துகளையும் பற்றி அறிமுக உரை ஆற்றும் வேலை எனக்கு வந்தது.

"இவரு எந்தக் கட்சியும் இல்ல. தேதிய தப்பா சொன்னாதான் இவருக்குக் கோவம் வரும்" என்று வட்டத் தலைவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். உண்மைதான். ஊர் வரலாறு, கோயில் வரலாறு என்று எதையாவது தேடி எது முன்னால், எது பின்னால் என்று வரிசைப்படுத்துவது என் பழக்கம். அந்த அம்மையாரின் கருத்துகளில் பலவற்றை நான் ஏற்றதில்லை. அதனாலேயே, தவறாகச் சொல்லிவிடக் கூடாது என்ற கவனம் கூடுதலாக இருந்தது.

அவரைப் பற்றி எல்லாரும் சொல்லும் கதை ஒன்றுண்டு. கணவர் குடிகாரர், அடிப்பார். தாங்க முடியாமல் வெளியே வந்தார், பிறகுதான் திருமணத்தை எதிர்த்து எழுத ஆரம்பித்தார். ஆதரவாளர்கள் இதைச் சொல்லிக் கண்கலங்குவார்கள். எதிர்ப்பாளர்களோ, "அவங்களுக்கு வாய்ச்சது சரியில்ல, அதுக்கு ஊர்ல இருக்கிற ஆம்பளைங்க எல்லாத்தையும் திட்டுனா எப்படி?" என்பார்கள். இரண்டு தரப்பும் ஒத்துப்போன ஒரே விஷயம் இந்தக் கதைதான். நானும் உரையின் முதல் வரைவில் அதையே எழுதியிருந்தேன்.

பிறகு அவருடைய பழைய கட்டுரைகள் வந்த சிற்றிதழ்களைத் தேடிப் பிடித்தேன். பெரிய சண்டையைக் கிளப்பிய திருமண எதிர்ப்புக் கட்டுரை ஒரு பொங்கல் மலரில் வந்திருந்தது. அவர் பிரிந்து வந்த ஆண்டோடு வரிசைப்படுத்திப் பார்த்தால், அப்போது அவர் கணவரோடுதான் இருந்திருக்கிறார். அது மட்டுமில்லை. அந்த மலரின் கடைசிப் பக்கத்தில், சந்தா சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். அதில் கணவரின் பெயரும் இருந்தது.

அடித்துத் துன்புறுத்தும் ஒருவர், மனைவி திருமணத்தை எதிர்த்து எழுதும் பத்திரிகைக்கு ஊரெல்லாம் அலைந்து சந்தா சேர்ப்பாரா? அந்தக் கேள்வி என்னை உட்கார விடவில்லை. விசாரித்ததில் அவர் உயிரோடு இருக்கிறார், விக்கிரவாண்டியில் இருக்கிறார் என்று தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன்.

எழுபதைக் கடந்தவர், ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். பிரிவுக்குப் பல ஆண்டுகள் கழித்து மறுமணம் செய்துகொண்டிருக்கிறார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் பேசுவதற்கு முன்பே அவருடைய மனைவி உள்ளேயிருந்து வந்துவிட்டார்.

"அடிச்சாருன்னு எழுதிக்கினு வந்துட்டீங்களா? எழுதுங்க, எழுதுங்க. என் பொண்ணப் பாக்க வந்தவங்க காபி குடிச்சிக்கினே கேக்குறாங்க, 'மொத சம்சாரத்த அடிச்சித் தொரத்துனவராமே'ன்னு. அப்புறம் ஒரு போனு கூட இல்ல. இந்த மனுசன் கரப்பாம்பூச்சி வந்தா அடிக்க என்னைத்தாங்க கூப்புடுவாரு!"

"நீ கம்முனு இரு" என்றார் அவர்.

"கம்முனு இருந்துதான் இம்மாம் பேஜாரு. சார், கூட்டத்துல மைக்க புடிச்சி நீங்க சொல்லணும், இவரு அடிக்கலன்னு."

"அதெல்லாம் வேணாங்க. அவ செத்து இன்னும் ஒரு மாசம் ஆவல. இப்பப் போயி நான் யோக்கியன்னு மேடை ஏத்துனா அசிங்கம்."

மெல்ல அந்தச் சந்தாவைப் பற்றிக் கேட்டேன். அவர் முகம் மாறியது. "டூட்டியில பையோட அந்தப் பத்திரிகையும் வச்சிருப்பேன். சில்லறை இல்லாதப்போ பாக்கிக்குப் பதிலா அதைக் குடுத்துடுவேன். ரெண்டு பேரு திட்டுனாங்க, செஞ்சிக்கு டிக்கெட் வாங்குன ஒருத்தரு சந்தாவே கட்டுனாரு" என்று சிரித்தார்.

"பிறகு ஏன் அந்த அம்மா உங்களைப் பிரிந்து போனார்?"

"சண்டையே இல்லீங்க. ஒரு நா காலையில நான் டூட்டிக்குக் கெளம்பிக்கினு இருக்கேன். 'நான் போறேன்'னா. நான் இன்னா தப்பு பண்ணேன்னு கேட்டேன். 'நீ ஒண்ணும் பண்ணல. நீ நல்லவனா இருக்கிறதாலதான் நான் நல்லா இருக்கேன். நாளைக்கு நீ மாறிட்டா? உன் குணத்த நம்பித்தான் நான் வாழணும்னா, அது எப்படி என் வாழ்க்கை?'ன்னா. பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சி, நான் பூட்டேன். சாயங்காலம் வந்தா வூட்ல அவ இல்ல." பிறகு அவரே, "அதுக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம்னு இன்னும் யோசிச்சிக்கினுதான் இருக்கேன்" என்றார்.

நெகிழ்ந்துதான் கிளம்பினேன். ஆனால் பேருந்தில் உட்கார்ந்ததும் வேறு எண்ணம் வந்தது. அடித்தவர் எவராவது அடித்தேன் என்று சொல்வாரா? ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எழுதினால் பழைய தவறையே தலைகீழாகச் செய்ததாகிவிடும். அப்படியே திண்டிவனம் போனேன். அம்மையார் பிரிந்து வந்த நாளிலிருந்து அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த தோழி, ஓய்வு பெற்ற செவிலியர், அங்கே இருக்கிறார். கணவரைச் சந்தித்ததை முதலில் சொல்லாமல், அந்த அடி உதைக் கதை உண்மையா என்று மட்டும் கேட்டேன்.

"யாரு, அவரா? ஒரு அடி கெடையாது" என்றார் உடனே. "இதை இவங்களே மேடையில சொன்னாங்க. ஜனங்க இன்னா பண்ணாங்க தெரியுமா? கை தட்டுனாங்க! 'இப்பவும் புருஷனக் காட்டிக் குடுக்க மாட்டேன்றாங்களே, எவ்ளோ பெரிய மனசு'ன்னு. வூட்டுக்கு வந்து கண்ணுல தண்ணி வர வர சிரிச்சாங்க. அதுக்கப்புறம் சொல்றதையே உட்டுட்டாங்க."

பிறகு அவர் குரல் இறங்கியது. "அது தப்புன்னு நான் அப்பவே சொன்னேன். அந்த மனுசனுக்காகவாவது சொல்லிக்கினே இருந்திருக்கணும். கேக்கல. பிடிவாதம். அதையும் எழுதுங்க, சாமியாக்கிடாதீங்க."

அவரே இன்னொன்றும் சொன்னார். பனமலைப் பக்கம் ஒரு கூட்டத்தில், வயல் வேலைக்குப் போய்விட்டு வந்து சமைக்கவும் செய்கிறீர்களே, உங்களுக்கு வெட்கமில்லையா என்று அம்மையார் கேட்டிருக்கிறார். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "நான் ஆக்கலன்னா எம்புள்ள இன்னாத்த துன்னும்? நீ வந்து ஆக்கிப் போடுறியா?" என்று கேட்டுவிட்டார். அன்று அம்மையார் கூட்டத்தை அத்தோடு முடித்துக்கொண்டு திரும்பினார். ஆனால் அடுத்த வாரமே அதே ஊருக்குப் பாத்திரங்களோடு போய்ப் பொதுச் சமையல் ஆரம்பித்தார். கொஞ்ச காலம் நடந்தது. ஒரு தெருக்காரர்கள் ஆக்கியதை இன்னொரு தெருக்காரர்கள் சாப்பிட மறுத்தபோது நின்றுபோனது. தோற்றதை அவர் எங்கும் எழுதவில்லை என்றும் தோழி சொன்னார்.

உரையை முழுக்க மாற்றி எழுதினேன். இப்போதுதான் அவருடைய கருத்து எனக்கே விளங்கியது. கெட்ட கணவர்களைப் பற்றி அவர் எழுதவேயில்லை. நல்ல கணவர் அமைந்தால்தான் ஒரு பெண் நன்றாக வாழ முடியும் என்ற நிலையைப் பற்றித்தான் எழுதியிருந்தார். அடிபட்ட மனைவி என்ற கதை ஒரு மனிதரின் பெயரைக் கெடுத்தது. அந்தக் கருத்தையும் சேர்த்தே மறைத்துவிட்டது.

கூட்டத்துக்கு முன்னால் தலைவரிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், அடிச்சான்னா நாலு பேரு உச்சுக் கொட்டுவாங்க. நல்ல மனுசன், அப்பவும் உட்டுட்டுப் போனாங்கன்னா எழுந்து பூடுவாங்க. அந்தம்மாவுக்கு நல்லது பண்றதா நெனச்சிக்கினு கெட்டது பண்றீங்க."

"நல்லதோ கெட்டதோ, நடந்தது இதுதானே?" என்றேன். கணவர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதும் மனதில் உறுத்தியது. அவரை உயர்த்தி எதுவும் சொல்வதில்லை, நடந்ததை மட்டும் சொல்வது என்று தீர்மானித்தேன்.

தலைவர் சொன்னபடியே பத்துப் பதினைந்து பேர் எழுந்து போனார்கள். அடி உதை எதுவும் நடக்கவில்லை என்று நான் சொன்னபோது, அம்மையாரின் ஆதரவாளர் ஒருவரே எழுந்து, "இது தேவையா?" என்று கத்தினார். தோழி தன் இடத்திலிருந்தே, "தேவைதான், உக்காருங்க" என்றார். பனமலைக் கதையையும் பொதுச் சமையல் நின்றுபோனதையும் விடாமல் சொன்னேன்.

முடிந்து இறங்கியபோது வாசலருகே விக்கிரவாண்டி அம்மா நின்றிருந்தார். கணவர் வரவில்லை. "பூரா கேட்டேங்க. என் பொண்ணப் பாக்க வந்தாங்களே, அந்த மாப்ள வூட்டுப் பக்கம் ரெண்டு பேரு வந்திருந்தாங்க. அவங்களும் கேட்டாங்க, இனிமே அவங்க இஷ்டம்" என்றார். நான் தலையசைத்தேன். அவர் போகாமல் தயங்கி நின்றார். "ஆனா அந்தம்மா கேட்டாங்களே, நீ மாறிட்டா இன்னா பண்றதுன்னு. நான் இந்தாளக் கட்டிக்கினு வந்து இத்தன வருசத்துல அப்பிடி ஒண்ணு கேக்கத் தோணவே இல்ல பாருங்க. அவங்க எழுதுன பொஸ்தகம் எதுனா கெடைக்குமா?"

என் கையிலிருந்த அந்தப் பொங்கல் மலரின் பிரதியைக் கொடுத்தேன். அம்மையாரோடு நான் இப்போதும் பல இடங்களில் உடன்படவில்லை; ஆனால் அவர் சொன்னதை நம் காதுக்கு இதமாக்கிக்கொள்ள ஒரு நல்ல மனிதரை இத்தனை காலம் குற்றவாளியாக வைத்திருந்தோமே என்று நினைக்கும்போதெல்லாம், யாருடைய கருத்தையும் மறுப்பதற்கு முன்னால் அதை அதன் முழுக் கசப்போடு ஒருமுறை கேட்டுவிடுவோம் என்று நிதானிக்கிறேன்.