பச்சை வீட்டுக்கு எதிர் வீடு

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண் பரிசோதனை முடிந்து வருகிறவர்களுக்கு எந்த பிரேம் பொருந்தும் என்று எடுத்துக் கொடுப்பாள். வட்ட முகத்துக்கு எது, தாடை அகன்றவருக்கு எது என்று கையே தேடிப் போய்விடும். யாராவது நிலைக்கண்ணாடி முன் நெடுநேரம் நின்றால் சொல்வாள்: "மாட்டிக்கிட்டு நீங்க பாக்கப் போறதில்லீங்க. எதிர்ல நிக்கிறவங்கதான் பாக்கப் போறாங்க." சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். தெருவில் அவளுக்குக் கண்ணாடியக்கா என்று பெயர்.

அவள் வீடும் கொழுந்தன் வீடும் எதிரெதிர். அண்ணனும் தம்பியும் ஒரே சூளையில் கல் எடுத்து ஒரே கொத்தனாரை வைத்துக் கட்டிய மாடி வீடுகள். மேல்பூச்சு கிடையாது, செங்கல் அப்படியே தெரியும். நடுவில் தெரு. ஒரு வண்டி நுழைந்தால் நடந்து வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

கொழுந்தன் மனைவி, அதாவது இவளுடைய ஓரகத்தி, வீட்டிலேயே துணி தைப்பவள். இருவருக்கும் சண்டை என்று ஒன்று வந்ததில்லை. அளவெடுப்பது மட்டும் உண்டு. அங்கே ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தால் இங்கே கதவுக்கும் சேர்த்து அடிக்கப்படும். இங்கே மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்தால் அங்கே வைக்கும் கைப்பிடியில் பூ வேலை இருக்கும். வீடுகள் மட்டும் ஒரே சிவப்பில் இருந்ததால் அந்தக் கணக்கு வாசலுக்கு வெளியே வரவில்லை.

போன வருஷம் ஓரகத்தி வெளிச்சுவருக்கு வர்ணம் அடிக்கப் போவதாகச் சொன்னாள். கடைக்கே வந்து, கல்லா மேசையில் வர்ண அட்டையை விரித்து, அக்கா உங்க கண்ணுக்கு எது தோணுதோ சொல்லுங்க என்று கேட்டாள். கண்ணாடியக்கா அட்டையை நிதானமாகப் பார்த்தாள். வாடிக்கையாளர் முகத்துக்கு எது ஆகவே ஆகாது என்பதும் அவளுக்குத் தெரியும். பச்சையில் விரலை வைத்தாள்.

"இதுதாம்மா எடுப்பா இருக்கும்."

இருந்தது. அதுதான் பிரச்சினை. அடித்து முடித்த அன்று மாலை கண்ணாடியக்கா தன் மாடி ஜன்னலைத் திறந்தபோது, மழைக்குப் பின் கழுவிவிட்ட இலை மாதிரி அந்த வீடு நின்றது. செங்கல்லின் விளிம்புகளில் நிழல் விழுந்து ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. அதற்கு எதிரே இவள் வீடு, குளிக்காத பிள்ளை போல. பார்க்க வந்தவர்களிடம் ஓரகத்தி தானே யோசித்துத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னாள். என் யோசனைதான் என்று மூத்தவள் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் எதற்காகச் சொன்னோம் என்பது அவள் நெஞ்சுக்குத் தெரியுமே.

அதையும் பொறுத்திருப்பாள். பார்சல் கொண்டு வருகிறவன் ஒரு நாள் போனில் கேட்டான், "பச்சை வீட்டுக்கு எதிர் வீடுங்களா?" பிறகு கேஸ்காரன் கேட்டான். அதன்பின் அவள் புருஷனே யாருக்கோ வழி சொல்லும்போது அப்படிச் சொன்னான். அன்று அவள் சாப்பிடவில்லை. கல் சுமந்து கட்டிய வீட்டுக்குப் பெயர் கூட இன்னொருத்தி வீட்டிலிருந்து இரவல்.

வர்ணம் அடிக்க வேண்டும் என்றாள். புருஷன் பஸ் பணிமனையில் டயர் மாற்றுகிறவன். பேச்சைச் சுருக்கமாக முடிப்பவன்.

"செங்கல்லுக்கு எதுக்கு சட்டை? உள்ள வேர்க்கும்."

"உங்க தம்பி வீட்டுச் செங்கல்லுக்கு வேர்க்கலியா?"

"அது அவன் பொண்டாட்டி தைச்ச சட்டை. அளவா இருக்கும்."

அடுத்த வாரம் பெயின்டர் வந்தான். உயரமானவன், தெருவில் ஏணி என்பார்கள். பச்சை வீட்டுக்கு அடித்தவனும் அவன்தான். அட்டையைப் பார்த்து முடிவு பண்ணாதீங்கக்கா, செங்கல் முதல் கோட்டைக் குடிச்சிரும், சுவர்ல போட்டுத்தான் பாக்கணும் என்றான். வாசலுக்கு மேலே கைக்குட்டை அளவில் நான்கு சதுரம் அடித்துவிட்டு, ஒரு வாரம் பார்த்துச் சொல்லச் சொல்லிப் போனான். மஞ்சள், பாலாடை நிறம், புறாக் கழுத்துச் சாம்பல், கடைசியில் ஒரு நீலம்.

கண்ணாடியக்கா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் தலையை அண்ணாந்து பார்த்தாள். தெரு குறுகல். பின்னால் நகர்ந்து பார்க்கலாம் என்றால் முதுகு பச்சைச் சுவரில் இடிக்கும். அந்தச் சுவரில் சாயக்கூட அவளுக்கு மனமில்லை. மூன்றாவது சதுரம் அவளுக்குப் பிடித்துப் போயிற்று. சாம்பல் பூத்த மாதிரி, அதட்டாத நிறம். அதுதான் என்று மனதுக்குள் முடித்துவிட்டாள். ஏணிக்கு போன் பண்ண வேண்டியதுதான் பாக்கி.

மறுநாள் காலை செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது எதிர் மாடியிலிருந்து குரல் வந்தது.

"அக்கா, அந்த மூணாவது இருக்கே, அள்ளுது. கண்ண மூடிக்கிட்டு அதையே அடிச்சிருங்க."

"அப்படியா சொல்ற?"

"ஆமாக்கா. மத்ததெல்லாம் உங்க வீட்டுக்கு நிக்காது. அதுலயும் அந்த ரெண்டாவது, சுத்தம். பால் திரிஞ்ச மாதிரி."

பஸ்ஸில் போகும்போது புறாச் சாம்பல் மீது அவளுக்கு ஒரு கசப்பு வந்துவிட்டது. ஓரகத்தி வாயால் நல்லது என்று சொன்ன ஒன்றைத் தன் சுவரில் ஏற்றுவதா? நாளைக்கு நான்தான் சொன்னேன் என்று தெரு முழுக்கச் சொல்வாள். அதைவிட, நல்லதாகவே இருந்தால் அவள் ஏன் சொல்லப் போகிறாள்? இந்தக் கேள்வி வந்ததும் மற்றது தானாகவே முடிவாயிற்று. எதை வேண்டாம் என்று அடித்துச் சொன்னாளோ அதில்தான் விஷயம் இருக்கிறது. கடை வாசலில் நின்றே ஏணிக்கு போன் பண்ணினாள். ரெண்டாவது, பாலாடை.

முதல் கோட்டைச் செங்கல் குடித்தது. இரண்டாவதையும் பாதி குடித்தது. ஏணி சின்ன பிரஷ்ஷால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இழுத்துக்கொண்டு போனான். முடிந்ததும் அவள் வாசலில் நின்று பார்த்தாள். நன்றாகத்தான் இருக்கிறது என்று பட்டது. அண்ணாந்தால் ஒரு சுவரும் கொஞ்சம் வானமும். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. தெருமுனையிலிருந்து பார்த்தால் பக்கவாட்டில் ஒரு கீற்று. வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால் ஜன்னல் நிறையப் பச்சை.

ஆனாலும் பலன் வந்தது. மாதம் திரும்புவதற்குள் புதிதாக வந்த பார்சல்காரன் ஒரு பெட்டியோடு அவள் வாசலில் நின்று, "பாலாடை வீட்டுக்கு எதிர் வீடுன்னு சொன்னாங்க, அது எதுங்க?" என்றான்.

கண்ணாடியக்கா அவனை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். பிறகு, குடுங்க நானே குடுத்துடறேன் என்று பெட்டியை வாங்கிக்கொண்டாள். புடவையை மாற்றிக்கொண்டு தெருவைத் தாண்டினாள். எத்தனையோ மாதமாயிற்று அந்தப் படியேறி. பூ வேலைக் கைப்பிடியைத் தொடாமலே ஏறினாள்.

மாடியில் தையல் மெஷின் இடம் மாறியிருந்தது. எப்போதும் பின்பக்கம் கிடப்பது இப்போது முன் ஜன்னலை ஒட்டி. பக்கத்தில் பாதி குடித்த டீ.

"பார்சல் வந்துச்சு. எங்க வீட்ட அடையாளம் சொல்லித்தான் வந்தானாம்."

"வரட்டும்கா. உக்காருங்க." ஓரகத்தி நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள்.

உட்கார்ந்த பிறகுதான் பார்த்தாள். எதிரே வீடு முழுசாக நின்றது. அடியிலிருந்து மாடி விளிம்பு வரை, சாய்வெயில் விழுந்து, சூடு ஆறாத பால் போல. கல்லின் ஒவ்வொரு வரிசைக்கும் அடியில் மெல்லிய நிழல் கோடு. இது தன்னுடையதுதானா என்று ஒரு கணம் தோன்றியது. கடையில் இத்தனை வருஷம் எடுத்துக் கொடுத்ததில் இப்படி ஒன்று பொருந்தியதில்லை.

"பால் திரிஞ்ச மாதிரின்னு சொன்னியே."

ஓரகத்தி ஊசியில் நூல் கோத்தாள்.

"நல்லாருக்குன்னு சொன்னா அடிச்சிருப்பீங்களாக்கா? நாள் பூரா இங்க உக்காந்து பாக்கப் போறவ நான். எனக்குப் பிடிச்சது வேணாமா?" நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். "நீங்க எனக்குப் பச்சை சொன்னீங்கள்ல, அந்த மாதிரிதான்."

கண்ணாடியக்காவுக்குக் காது சுட்டது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். எழுந்தால் வீடு கண்ணிலிருந்து போய்விடும்.

"டீ இருக்கா?" என்றாள்.

இப்போதெல்லாம் மாலையில் கடைவிட்டு வந்ததும் அவள் நேராக எதிர் வீட்டுக்குத்தான் போகிறாள். ஒரு டீ, ஒரு நாற்காலி, இருட்டும் வரை. அண்ணனும் தம்பியும் அதைப் பார்த்து, ஒருவழியாக ரெண்டும் ராசியாயிடுச்சு என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். அவள் மறுப்பதில்லை. அங்கே உட்கார்ந்து இருவரும் அதிகம் பேசுவதுமில்லை. பகல் முழுக்கப் பாலாடை வீட்டை ஓரகத்தி ஒருத்தியே பார்த்துத் தீர்த்துவிடுகிறாள். மாலையையும் அவளுக்கே விட்டுவிட முடியாது.