தலைமுட்டு ஒப்பந்தம்

அமெரிக்காவும் ரஷ்யாவும் எங்கள் வீட்டுக் குசினியில் வைத்துச் சமாதானமான கதையைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. நம்பாதது நியாயம்தான். அந்தச் செய்தியை மொழிபெயர்த்தது நான்.

அப்போது எனக்கு எட்டு வயது. இத்தாலியின் பலெர்மோவில், அல்பெர்கேரியாப் பகுதியின் ஒடுங்கிய சந்தொன்றில் இரண்டு அறைகள் கொண்ட வீடு. ஒன்றில் அப்பா, அம்மா, நான். மற்றது சமைக்கிற குசினி, அதற்குள் ஒரு கட்டிலைப் போட்டு மாமா இருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. சண்டை நடந்துகொண்டிருந்த ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பெரியவர்கள் மூவருக்கும் சிஞ்ஞோராக்கள் எனப்படும் இத்தாலிய வீட்டுக்கார அம்மாக்களின் வீடுகளில் வேலை. அவர்களுடைய இத்தாலிய மொழி நிலம் துடைக்கவும் உடுப்பு மினுக்கவும் போதும். தொலைக்காட்சிச் செய்திக்குப் போதாது. ஆகவே மத்தியானச் செய்திக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். தெரியாத சொல் வந்தால் தயங்கக்கூடாது என்பது என் தொழில் இரகசியம். தயங்கினால் மதிப்புப் போய்விடும். உண்மை போனால் ஒருவருக்கும் தெரியாது.

வீட்டில் நடந்த போர் கசெற் றேடியோக்களால் வந்தது. அப்பா விடிய எழும்பித் தேவாரம் போடுவார். மாமாவுக்குச் சினிமாப் பாட்டு. முதலில் இரண்டு சின்ன றேடியோக்கள், சின்னச் சத்தங்கள். பிறகு மாமா கொஞ்சம் பெரிதொன்று கொண்டுவந்தார். அப்பா தன் சிஞ்ஞோரா கழித்துவிட்ட இரட்டை ஸ்பீக்கர்காரனைத் தோளில் சுமந்து படியேறினார். மாமா அதைவிடப் பெரிதாக, விளக்கெல்லாம் மின்னுகிற ஒன்றோடு வந்தார். இரண்டும் ஒரே நேரத்தில் பாடும்போது கீழ்வீட்டுச் சிஞ்ஞோரா தும்புத்தடியால் முகட்டில் இடிப்பாள். அந்தத் தாளம் மட்டும் இரண்டு கட்சிக்கும் பொருந்தியது.

எல்லா வயர்களும் குசினிச் சுவரில் இருந்த ஒரே பிளக்கில்தான் போய்ச் சேரும். ஒரு வெள்ளிக்கிழமை காலை மற்றவருடைய வயரைப் பிடுங்க இருவரும் ஒரே கணத்தில் குனிந்தார்கள். தேங்காய் உடைத்தது போல ஒரு சத்தம். நெற்றியில் ஆளுக்கொரு புடைப்பு.

“என்ரை வீட்டிலை இருந்துகொண்டு எனக்கே முட்டுறியோ?” என்றார் அப்பா.

மாமா நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார். “உங்கடை வீடெண்டால் நீங்களே வைச்சிருங்கோ அத்தான். நான் மிலானோவுக்குப் போறன்.”

ஞாயிற்றுக்கிழமை பின்னேர ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டார். சூட்கேஸ் கதவடிக்கு வந்துவிட்டது. இரண்டு நாளும் இருவரும் என் மூலமாகத்தான் கதைத்தார்கள். “கொப்பரிட்டைச் சொல்லு, உப்பைத் தரட்டாம்,” என்பார் மாமா. “கொம்மானிட்டைச் சொல்லு, அவருக்குக் கை இருக்கு,” என்பார் அப்பா. தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது இத்தாலிய மொழியை விடக் கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மாமா போனால் எனக்குப் பெரிய நட்டம். என் பகிடிக்குச் சிரிக்கிற ஆள் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். அப்பா சிரிப்பதற்கு முன் யோசிப்பவர். யோசித்து முடித்தபிறகு எந்தப் பகிடிக்குத்தான் சிரிப்பு வரும்?

ஞாயிறு மத்தியானம் சோற்றுக் கோப்பைகளோடு தொலைக்காட்சிக்கு முன் இருந்தோம். மொஸ்கோவில் இரண்டு ஜனாதிபதிகள் மேசையில் குனிந்து கையெழுத்துப் போட்டார்கள். செய்தி வாசிப்பவர் ‘தெஸ்தாத்தே நுக்லெயாரி’ என்றார். ‘தெஸ்தாத்தா’ எனக்கு மிக நன்றாகத் தெரிந்த சொல். பள்ளி முற்றத்தில் ஒரு பெடியன் எனக்கு அதைத் தந்து முன்பல் ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருந்தான். தலையால் முட்டுவது. ஏவுகணையின் அணுகுண்டு முனைக்கும் அதே சொல்தான் என்று பிறகுதான் அறிந்தேன். ‘நுக்லெயாரி’தான் தெரியாது. பலமான என்று வைத்துக்கொண்டேன். அதில் பெரிய பிழையில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

“என்னவாம் பிள்ளை?” என்றார் அப்பா.

“அமெரிக்காவும் ரஷ்யாவும் இனிப் பலமாத் தலையாலை முட்டமாட்டினமாம். கையெழுத்து வைச்சிட்டினம்.”

அப்பாவின் கை கோப்பைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

“முட்டவே மாட்டினமாமோ?” என்று கேட்டது மாமா. இரண்டு நாளில் அந்த அறையில் அவர் பொதுவாகக் கேட்ட முதல் கேள்வி.

“முழுக்க இல்லை. மூண்டிலை ரெண்டு பங்கு குறைக்கினம். மிச்சத்தை வைச்சிருப்பினம். ஒராளின்ரை வீட்டை மற்றாள் போய், முட்டினதோ எண்டு நெத்தியைப் பாப்பினமாம்.”

மாமா அப்பாவின் நெற்றியைப் பார்த்தார். அப்பா மாமாவின் நெற்றியைப் பார்த்தார். முதலில் சிரித்தது, யோசிக்காமலே சிரித்தது, அப்பா. சோறு மூக்கில் ஏறிவிட்டது. மாமா அவருடைய முதுகில் தட்டினார். கொஞ்சம் பலமாகத்தான் தட்டினார். நான் பகிடி விடவில்லை, மெய்யாகவே மொழிபெயர்த்திருந்தேன் என்பதால் எனக்குக் கோபமே வந்தது.

“மூண்டிலை ரெண்டு பங்கு எண்டால் எவ்வளவு அத்தான்?” என்றார் மாமா.

அம்மா எழும்பினாள். தன் நெற்றியிலிருந்த ஒட்டுப் பொட்டைக் கழற்றி அப்பாவின் றேடியோவில் சத்தம் கூட்டும் குமிழுக்குப் பக்கத்தில், மூன்று என்ற இலக்கத்தில் ஒட்டினாள். அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த இன்னொரு பொட்டை எடுத்து வந்து மாமாவுடையதில் ஒட்டினாள்.

“இதுக்கு மேலை போனால் ரெண்டையும் சந்துக்குள்ளை எறிஞ்சுபோடுவன். ஆர் வேணுமெண்டாலும் வந்து பாக்கலாம்.”

“ஓம் அக்கா,” என்றார் மாமா. அப்பா தலையை மட்டும் ஆட்டினார். உலக நாடுகளுக்கு இப்படியொரு பொட்டு கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது.

செய்தி இன்னும் முடிந்திருக்கவில்லை. இப்போது ஒரு பாலைவனம். அதில் வரிசை வரிசையாகப் பெரிய பிளேன்கள் நின்றன. குண்டு போடுகிற பிளேன்கள் என்றான் செய்திக்காரன். அந்தச் சொல் எனக்குத் தெரியும், சரியாகவே சொன்னேன். ஒருவரும் சாப்பிடவில்லை.

“உதுகளை என்ன செய்யப் போறாங்களாம்?” என்றாள் அம்மா.

“வெட்டுவினமாம்.”

“எல்லாத்தையுமோ? இல்லாட்டி வேறை நாடுகளுக்குக் குடுப்பினமோ? வடிவாய்க் கேள் பிள்ளை.”

“அதைச் சொல்லேல்லை அம்மா. ஏன், ஒண்டு வாங்கப் போறியளோ? மொட்டை மாடியிலை விடலாம்.”

இது நல்ல பகிடி. மாமா பக்கம் திரும்பி அவர் சிரிப்பதற்காகக் காத்திருந்தேன். அவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா போய்த் தொலைக்காட்சியை நிற்பாட்டினார். அம்மா, எப்போதோ இறக்கி வைத்த சோற்றுப் பானையைத் திறந்து பார்த்து மூடினாள். பிறகு அப்பா சுவரைப் பார்த்தபடி, “உன்ரை வீடும்தான்ரா இது. அக்காவைத் தனிய விட்டிட்டுப் போகாதை,” என்றார். மாமா எழும்பிச் சூட்கேஸை இழுத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்.

தலைமுட்டு ஒப்பந்தம்தான் அவரை நிறுத்தியது என்று பள்ளிக்கூடத்தில் பல காலம் பெருமை பேசித் திரிந்தேன். ஊரிலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு வந்தபோது எனக்கு இரண்டு வயது. பிளேன் என்றால் எனக்குப் புந்தா ராயிசி விமானநிலையத்தில் வந்து இறங்குவது. உள்ளே இருந்து ஒரு மாமி முறுக்குப் பொட்டலத்தோடு வருவாள். அந்த வீட்டில் தெரியாத சொற்களை எல்லாம் துணிந்து மொழிபெயர்த்த நான், பிளேன் என்ற சொல்லை மட்டும் அவர்களிடம் கேட்கவே இல்லை. அது எல்லோருக்கும் ஒன்றுதான் என்று இருந்துவிட்டேன்.