பதினோராவது ஆள்

அன்று அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல இன்னும் கால்மணி நேரம் இருந்தது. நல்ல வெயில். இப்படி ஒன்று நடக்கிற வேளையே இல்லை. ஆனால் நடந்தது. ஷிஃபா சொன்னதில் ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை.

ஷிஃபா திண்டிவனத்துக்காரி. நூறு வருடங்களுக்கு முன் கோட்டக்குப்பம் கடலில் உடைந்த பாய்மரக் கப்பல் ஒன்றைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அதில் இருந்த பத்துப் பேரும் கரை சேரவில்லை. ஏன் இந்தக் கப்பல் என்று கேட்டவர்களுக்கு ஏதேதோ காரணம் சொல்வாள். தம்பி ஹமீதைச் சொன்னதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் மீன்பிடி வேலைக்கு வளைகுடா போனவன். முதல் தடவை கடலுக்குள் போன அன்றே படகு கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாமலே ஜனாஸாத் தொழுகை, இறந்தவருக்கான கடைசித் தொழுகை, நடத்திவிடலாம் என்றார்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தில். அம்மா ஆசியா பீவி ஒப்பவில்லை.

"எம்புள்ளைய நானே சாவடிக்கணுமா?"

தினமும் இரவு அவனுக்கும் ஒரு தட்டு எடுத்து வைப்பாள்.

அன்று கோட்டக்குப்பம் கடற்கரையில் டீக்கடைக்காரர் ஷேக் தாவூத் சிரித்தார். "ஒடஞ்ச கப்பலுக்குப் பட்டம் தர்றாங்களாம்மா? எங்கிட்ட ஒடஞ்ச கிளாஸு நெறைய கீது. எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு."

அவளும் சிரித்தாள். கப்பல் உடைந்த இடம் நோக்கி நடந்தாள். அலை அரிப்புக்குக் கொட்டிய கருங்கற்களில் ஒருவர் குந்தியிருந்தார். நாற்பது வயது இருக்கும். தோளில் ஈரத் துண்டு.

"கப்பலப் பத்தித்தானே?" என்றார்.

டீக்கடையில் பேசியது காதில் விழுந்திருக்கும் என்று நினைத்தாள். போனில் பதிவை ஓடவிட்டாள்.

"காத்து திரும்பிச்சு. பாய எறக்கச் சொல்லிக் கத்துறோம். கயிறு நனைஞ்சு இறுகிக்கிச்சு. யாருக்கும் கை வர்ல."

முப்பாட்டன் கதையைத் தானே பார்த்ததுபோல் சொல்பவர்களை அவள் நிறையச் சந்தித்திருக்கிறாள்.

துண்டிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. சொட்... சொட்...

"பத்துப் பேருதானே, பாய்?"

"பத்துதான். இப்போ பதினொண்ணு."

அவளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எந்த ஆவணத்திலும் இல்லாத ஆள்!

"யாரு அது?"

"சின்னப் பையன். கடைசியா வந்தவன். மடியில பச்சைத் துணி முடிச்சு. உள்ள மல்லாட்டை உருண்டை, வேர்க்கடலையில புடிச்சது. அவங்கம்மா கட்டிக் குடுத்ததாம். பிரிக்கவே மாட்றான்."

"ஏன்?"

"தின்னா தீந்துபூடுமாம்."

சொட்... சொட்...

"எங்களுக்கெல்லாம் தொழுதாச்சும்மா. அவனுக்குத்தான் ஆகல."

பாங்கு கேட்டது. முக்காட்டை இழுத்துவிடத் தலை குனிந்தாள்.

நிமிர்ந்தாள்.

ஆள் இல்லை.

அவர் குந்தியிருந்த கல்லைத் தொட்டாள். சொட்டுகூட ஈரமில்லை. சுட்டது.

பேருந்தில் பதிவைக் கேட்டாள். அவள் கேள்விகள் இருந்தன. பதில்கள் இல்லை. அந்த இடங்களில் எல்லாம் தண்ணீர்ச் சத்தம். அலை இல்லை... முங்கினால் காதுக்குள் கேட்குமே, அது.

பதிவில் இல்லாததை மறப்பதற்குள் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னாள். தொழுகையைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் விட்டுவிட்டாள்.

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"பச்சைத் துணியா?"

"ஆமாம்மா."

"என் பழைய தாவணி. பொட்டி கனம் ஏறும்னு ஒங்க அத்தா திட்டுவாரே... அவன் கெளம்புறப்ப யாருக்கும் தெரியாம அடியில வச்சேன். அல்லாவுக்கும் எனக்கும்தான் தெரியும்."

குழாய் சொட்டியது. ஷிஃபா எழுந்து இறுக்க மூடினாள்.

அம்மா ஹமீதின் தட்டை எடுத்துக் கழுவினாள். துடைத்தாள். அலமாரியில் கவிழ்த்து வைத்தாள்.

"தொழுகைக்கு ஜமாஅத்துல சொல்லிடச் சொல்லு, ஒங்க அத்தாகிட்ட."

பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அவன திங்கச் சொல்லிட்டு வந்தியாடி? அம்மா வேற செஞ்சு தருவாங்கன்னு சொல்லி அனுப்பினியா?"