அத்தை தோண்டிய ஊற்று

என் சமையலறை அலமாரியில் விளிம்பு நசுங்கிய பித்தளைச் செம்பு ஒன்று இருக்கிறது. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் வீட்டில் இது எதற்கு என்று கேட்பவர்களிடம், என் மாமியாருடையது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்குமேல் சொல்வதானால், எனக்கே விளங்காத ஒரு மதியத்தைச் சொல்ல வேண்டியிருக்கும்.

அறுபதுகளின் பிற்பகுதி. பி.ஏ. முடித்து, சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்துக்கு மருமகளாக வந்திருந்தேன். அருகிலிருந்த பெண்கள் பள்ளியில் ஆசிரியை வேலைக்கு அழைத்தார்கள். திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். நான் போய்விட்டால், தறி நாடாவுக்குப் பட்டு இழையைத் தாராகச் சுற்ற அத்தைக்குத் துணை இல்லை. கணவர், “அம்மா சொல்றதுதான்” என்று ஒதுங்கிக்கொண்டார். கேட்டபோது அத்தை தார் சுற்றுவதிலேயே கண்ணாக இருந்தார். மறுமுறை கேட்பதை என் படிப்புக்கு இழுக்காகக் கருதி நானும் கேட்கவில்லை.

ஞாயிறன்று அமாவாசை. அன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. படையல் முடிந்து வீடே உறங்கிய வேளையில் அத்தை இந்தச் செம்பை எடுத்துக்கொண்டு, “வாம்மா, பாலாறு வரைக்கும் போயிட்டு வருவோம்” என்றார்.

“எதுக்கு அத்தை?”

“எதுக்குன்னா? காலு இருக்குது, நடக்கலாம்.”

பதிலை அங்கே சொல்லத்தான் அழைக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் வழிநெடுக அவர் பேசியதெல்லாம் வேறு. புதரில் காரைப்பழம் பறித்துத் தின்றார். பனையோலையில் தொங்கிய தூக்கணாங்குருவிக் கூடுகளை அண்ணாந்து பார்த்து, “இதுக்கெல்லாம் அமாவாசை இல்ல போலக்குது” என்று சிரித்தார். மணலில் கூழாங்கற்களோடு கல்லாய்க் கிடந்த முட்டைகளைக் காட்டினார். ஆட்காட்டிக் குருவி தலைக்குமேல் வட்டமிட்டு அலறியது. யாரேனும் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். “கத்துனா கத்திக்கினு போவட்டும். ஊரயா கூட்டப் போவுது?” என்றார்.

வறண்ட ஆற்றின் நடுவே உட்கார்ந்து இரு கைகளாலும் மணலைத் தோண்டத் தொடங்கினார். நான் திகைத்தேன். பட்டைத் தொடும் விரல் சொரசொரத்தால் இழை மாட்டிக்கொள்ளும். அதனால்தான் வந்த முதல் வாரமே என் கைகளைப் புரட்டிப் பார்த்து எண்ணெய் தடவச் சொன்னவர். பாத்திரம் தேய்க்கும் சாம்பலைக்கூடத் தொடவிடாதவர்.

“நீயும் தோண்டும்மா.”

சோதனையா, விளையாட்டா? கையைக் காப்பதா, சொல்லைக் காப்பதா? குழம்பியவள், செம்பை எடுத்து அதனால் தோண்டினேன். அடியிலிருந்த கல்லில் மோதி விளிம்பு நசுங்கியது.

“கை தப்பிச்சிது, செம்பு போச்சு!” அத்தை கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஊறிய நீரை அதே செம்பில் மொண்டு எனக்கு முதலில் தந்தார். பள்ளியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வீடு திரும்பியதும் மாமனார், “இன்னா, ரெண்டு பேரும் எங்க சுத்திக்கினு வர்றீங்க?” என்றார்.

“நாளைக்கு இவ பள்ளிக்கூடத்துக்குப் போறா.”

“தாரு யாரு சுத்துறது?”

“எனக்குக் கை இருக்குது” என்றார் அத்தை. அந்தக் கைகளில் மணல் கீறிய கோடுகள் இருந்தன. அதன் பிறகு பல நாள் அவர் எண்ணெய் தடவிக்கொண்டதைப் பார்த்தேன்.

எப்போது முடிவு செய்தார்? முன்பே என்றால், ‘நீயும் தோண்டு’ என்றதுதான், இனி பட்டுக்காகக் கையைக் காக்க வேண்டாம் என்று எனக்குக் கொடுத்த விடுதலை. அதை வாங்கிக்கொள்ளத் தெரியாமல் செம்பை நீட்டியிருக்கிறேன். நான் என்ன செய்கிறேன் என்று பார்த்த பின்தான் என்றால், கையை அவ்வளவு கவனமாகக் காத்தவளைத் தறியோடு அல்லவா இருத்தியிருக்க வேண்டும்? இரண்டு கணக்கும் நேராகவில்லை. அத்தை அதன்பின் நெடுங்காலம் இருந்தார். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காலு இருக்குது, கை இருக்குது என்றுதான் சொல்லியிருப்பார்.

சென்ற கோடையில் ஓர் ஆட்டோவை அமர்த்திக்கொண்டு செம்போடு பாலாற்றுக்குப் போனேன். பழைய மாணவிகள் எவரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு மணலில் உட்கார்ந்தேன். செம்பைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் தோண்டினேன்.

“இன்னா டீச்சர், எதனா தொலைச்சிட்டீங்களா?” ஆட்டோக்காரர் கரையிலிருந்து கத்தினார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் சரியாகத் தெரியவில்லை. முழங்கை ஆழத்தில் மணல் ஈரமாயிற்று. நான் தோண்டிக்கொண்டே இருந்தேன்.