எழுபது கிலோ அரிசி

மருமகள் சமையல் மேடையில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கி வைத்திருக்கிறாள். போன வாரம் இட்லிக்கு ஊறப்போடும்போது, "அந்தக் காலத்துப் படி அரிசி எத்தனை கிராம் வரும் அத்தை?" என்று கேட்டாள். சாதாரணக் கேள்விதான். ஆனால் ஒரு படிக்கும் ஒரு கிலோவுக்கும் நடுவில்தான் என் கல்யாணம் மாட்டிக்கொண்டது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். கடைகளில் படியை எடுத்துவிட்டுக் கிலோ வந்திருந்த புதிது. எங்கள் வீடு திண்டிவனத்தில். அப்பா இல்லாத வீடு. விழுப்புரத்தில் குமாஸ்தாவாக இருந்த தாய்மாமாதான் கல்யாணச் சாமான் வாங்கினார். சமையல்காரர் எழுபது படி அரிசி கேட்டிருந்தார். மாமா எழுபது கிலோ வாங்கி வந்தார். எங்கள் பக்கத்துப் படி ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்ட நிற்கும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மூட்டைகளைப் பார்த்த சமையல்காரர், "இன்னும் மூட்ட வரணும்ங்களா?" என்றார்.

"எல்லாம் வந்தாச்சு. படின்னா என்ன, கிலோன்னா என்ன? பேருதான்யா மாறிக்கினு வருது," என்று மாமா சிரித்தார்.

உள்ளே நான் மருதாணிக் கையை விரித்தபடி உட்கார்ந்திருந்தேன். கூறைப்புடவையின் கலர் எனக்கு எடுக்குமா என்பதுதான் அன்று என் பெரிய கவலை.

மறுநாள் மூன்றாம் பந்தியில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். கெடார் பக்கத்து விவசாயக் குடும்பம். இலை போட்டாயிற்று, கறி கூட்டெல்லாம் வைத்தாயிற்று, சோறு வரவில்லை. அண்டாவின் அடியைக் கரண்டி சுரண்டும் சத்தம் அறைக்குள் இருந்த எனக்குக் கேட்டது. அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லை வழியாகத் தெருவுக்கு ஓடினாள். இருந்த வீடெல்லாம் இருந்ததைப் போட்டது. பச்சரிசி, புழுங்கல், பழசு, புதுசு எல்லாம் ஒரே அண்டாவில். பாதி குழைந்தது, பாதி வேகவில்லை.

இலையில் கையை வைத்த நாத்தனார் சொன்னார்: "வர்றப்பவே பானைய காலி பண்ணிக்கினு வர்றாளே. நம்ம வூட்ட என்ன பண்ணப்போறாளோ!"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து சாப்பிட்டார். சாயங்காலம் மாமாவைக் காணோம். அக்கம்பக்கத்துக் கிணறுகளை எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். விழுப்புரம் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று மறுநாள்தான் தகவல் வந்தது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. கிணறு வற்றியது. உழவுமாடு ஒன்று விழுந்தது. பிறகு என் முதல் குழந்தை, தவழும் முன்பே, காய்ச்சலில் போனது. மாமியார் ஒரு நாளும் என்னைத் திட்டியதில்லை. அரிசிப் பானையை மட்டும் தொட விடமாட்டார். "நீ இரும்மா, நான் அள்ளித் தர்றேன்" என்பார். அந்த மெதுவான குரல்தான் எனக்குப் பயம். இரண்டாவது பையன் பிறந்து, நடந்து, வாசலில் ஓட ஆரம்பித்த பிறகு ஒரு காலை, "நீயே அள்ளிக்கோ" என்றார். அள்ளும்போது பாதி அரிசியைத் தரையில் சிந்தினேன்.

மாமா அதற்குப் பிறகு யார் வீட்டுப் பந்தியிலும் உட்காரவில்லை. பையனின் காதுகுத்துக்கு வந்தார். வாசலிலேயே நின்று குழந்தையின் நெற்றியில் விபூதி இட்டார்.

"சாப்ட்டுட்டுப் போங்க மாமா."

"வயிறு செரியில்லம்மா. வர்றேன்."

நாத்தனார் இப்போது இல்லை. கெடார் வீடு கைமாறிவிட்டது, கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். மாமாவை ஒரு தடவையாவது இலை போட்டு உட்காரவைத்து, என் கையால் சோறு பரிமாறிவிட வேண்டும் என்று இருந்தேன். அதற்குள் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.